கையெழுத்துப் போட மட்டும்தான் தலைவியா? (பள்ளி மேலாண்மைக் குழு பற்றி ஒரு சந்தேகம்)

#1 தையல்மெஷின் | 8 டிசம்பர் 2024, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இங்கே ரவிக்கை அளவும் பிள்ளைக்குச் சளியும்தான் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு வேறு விஷயம்.

ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி, எட்டாவது வரை 112 பிள்ளைகள். என் மகள் ஏழாவது, மகன் நாலாவது. ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுவை மாற்றி அமைத்தபோது கைதட்டி என்னைத் தலைவி ஆக்கிவிட்டார்கள். பத்தாவது வரை படித்திருக்கிறேன், வீட்டிலேயே தைக்கிறேன், எப்போது கூப்பிட்டாலும் ஊரில் இருப்பேன். அவ்வளவுதான் தகுதி.

மொத்தம் 24 பேர் குழு. இதுவரை கூட்டம் என்று ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை. மாதம் ஒருமுறை மகளிடம் ஒரு நீளநோட்டு வரும். மெஷின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டு மறுநாள் திருப்பி அனுப்பிவிடுவேன். மூன்று தடவை ஆயிற்று. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததுகூட இல்லை, சத்தியமாக.

போன வாரம் ஃபெஞ்சல் புயல் மழை எங்கள் பக்கம் என்ன பண்ணியது என்று டிவியில் பார்த்திருப்பீர்கள். ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். பள்ளி திரும்பத் திறந்த அன்று மகள் வந்து, "அம்மா, பழைய பில்டிங்குல இருந்து காரை பேந்து பேந்து விழுது" என்றாள். போய்ப் பார்த்தேன். ஓட்டுக் கட்டடம், மூன்று வருடமாகப் பூட்டியே கிடக்கிறது. ஆனால் பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குப் போகிற வழி அதன் சுவரை ஒட்டித்தான். அந்தச் சுவரில் என் கை நுழைகிற விரிசல். தையல் டேப்பு கழுத்திலேயே தொங்கியது, அளந்துவிட்டேன். அடியில் ஒன்றரை இஞ்ச், என் தலை உயரத்தில் மூன்றே கால்.

ஹெச்.எம். டீச்சரிடம் சொன்னேன். "மேலே எழுதியாச்சும்மா" என்றார். எப்போ எழுதினீங்க என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது.

கேட்க எனக்கு அதிகாரம் இருக்கிறதா? கேட்டால் அந்தக் கோபத்தைப் பிள்ளைகளிடம் காட்டுவார்களா? தூக்கம் வரவில்லை, அதான் இந்நேரத்தில் எழுதுகிறேன்.

#2 டவுன்பஸ் | 8 டிசம்பர், இரவு 11:15

அக்கா, நான் திருநெல்வேலி. 2021 டிசம்பர் 17, எங்க ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்துல கழிப்பறைச் சுவர் இடிஞ்சு விழுந்து மூணு பசங்க செத்தது ஞாபகம் இருக்கா? இடைவேளைக்குப் போன பசங்க. அதுக்கப்புறம்தான் மாநிலம் முழுக்க பழைய கட்டடங்களை இடிங்கன்னு கிளம்புனாங்க. உங்க பூட்டுன கட்டடம் அதுல எப்படித் தப்பிச்சுதுன்னு தெரியல.

குழு மேல எனக்கு நம்பிக்கை கிடையாது. எங்க தெருவுல நாலு பேர் அந்தக் குழுவுல இருக்கான், ஒருத்தனுக்கும் தான் இருக்கிறதே தெரியாது. நேரா கலெக்டர் ஆபீஸ் போங்க. திங்கக்கிழமை மனு கொடுங்க.

#3 தீர்மானநோட்டு | 9 டிசம்பர், காலை 6:50

சகோதரி, நான் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தவன். குழுப் பயிற்சி நடத்தியே தொண்டை கட்டியவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: அதிகாரம் உண்டு, ஹெச்.எம். தயவில் வந்ததும் இல்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 21-ஆம் பிரிவில் இந்தக் குழு வருகிறது. நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பதும், வருகிற மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் குழுவின் வேலை. அடுத்த பிரிவில் பள்ளி வளர்ச்சித் திட்டம். அதையும் குழுதான் தயாரிக்க வேண்டும். நடைமுறையில் ஹெச்.எம். ஒருவரே இரவு 11 மணிக்கு உட்கார்ந்து எழுதுகிறார், அது வேறு.

தமிழ்நாட்டில் 2022-இல் 'நம் பள்ளி நம் பெருமை' என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டு 20 பேர் கொண்ட குழுக்களை அமைத்தார்கள், அதில் 15 பேர் பெற்றோர். 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்ததால் 24 ஆயிற்று. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம், தீர்மானங்களைச் செயலியில் ஏற்ற வேண்டும்.

112 பிள்ளைகள் என்றால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி ஆண்டு மானியம் 50,000 ரூபாய். 100-க்கு மேல் 250 வரை அந்தத் தொகை. அதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்கு. முழுசாக, நேரத்துக்கு வருமா என்று என்னிடம் கேட்காதீர்கள். ஆனால் என்ன வந்தது, எதற்குப் போனது என்று நீங்கள் கேட்கலாம்.

இடிக்கிற விஷயம் மட்டும் ஹெச்.எம். கையில் இல்லை. உங்களுடையது ஒன்றியப் பள்ளி, கட்டடமும் ஒன்றியத்துச் சொத்து. ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்துத் தகுதியற்றது என்று எழுத வேண்டும், பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) மூலம் உத்தரவு வர வேண்டும். அந்த உத்தரவு இல்லாமல் ஒரு ஓட்டை எடுத்தாலும் ஹெச்.எம். மாட்டிக்கொள்வார். அவர் முகம் மாறியதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம்.

உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த நோட்டு வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். நோட்டு இருக்கிற இடத்துக்கு நீங்கள் போங்கள்.

#4 பழைய_ஹெச்எம் | 9 டிசம்பர், காலை 9:20

அம்மா, நான் தஞ்சாவூர் ஜில்லா. 2004-இல் கும்பகோணத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு நடுநிலைப்பள்ளியில் தலைமையாசிரியர். ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணத்துப் பள்ளித் தீயில் இறந்தது 94 குழந்தைகள். சத்துணவு சமையல் நெருப்பு கீற்றுக்கொட்டகைக்குத் தாவியது, குறுகலான படிக்கட்டு, ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள். இதெல்லாம் எல்லோரும் படித்ததுதான்.

நான் சொல்ல வந்தது வேறு. என் பள்ளியிலும் இரண்டு வகுப்பு கீற்றுக்கொட்டகையில்தான் நடந்தது. தினமும் காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற அப்பாக்கள் அந்தக் கொட்டகைக்குக் கீழேதான் சைக்கிளை நிறுத்துவார்கள். மழைக்கு ஒழுகுகிறது என்று சொன்னவர்கள் உண்டு. பற்றிக்கொள்ளும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் நினைக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வந்த திங்கட்கிழமை, உத்தரவு கைக்கு வருவதற்கு முன்பே பத்துப் பன்னிரண்டு பேர் அரிவாளோடு வந்து நின்றார்கள். "சார், நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, நாங்க பிரிச்சிடறோம்." மத்தியானத்துக்குள் கீற்றெல்லாம் வாசலில் குவிந்துவிட்டது. அப்புறம் மாதக்கணக்கில் பிள்ளைகள் புங்கமரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஒரு பெற்றோர்கூடக் குறை சொல்லவில்லை.

2009-இல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையில் சேர்ந்ததுதான் என்று சொன்னது. கும்பகோணத்தை ஒட்டி வந்த வழக்கு அது.

நீங்கள் டேப்பு வைத்து அளந்தது சரியான காரியம். "விரிசல் இருக்கிறது" என்று எழுதினால் பத்தோடு பதினொன்றாகக் கோப்பில் போய்விடும். தேதி போட்டு "மூன்றே கால் இஞ்ச்" என்று எழுதினால் அடுத்த மாதம் யாராவது ஒருவர் திரும்ப அளந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.

#5 காலை_உப்புமா | 9 டிசம்பர், மதியம் 1:05

நான் காலை உணவுத் திட்டத்துல சமைக்கிறேன், மகளிர் குழு மூலமா. அந்தப் பள்ளியில பிள்ளை படிக்கிற அம்மாவாப் பார்த்துத்தான் வேலைக்கு எடுக்கிறாங்க. என் பையன் மூணாவது. காலையில ஆறு மணிக்கு முன்னாடியே கேட்டைத் திறக்கிறது நான்தான். டீச்சருங்க பார்க்காத பள்ளிக்கூடத்தை நான் பார்ப்பேன் அக்கா.

திங்கக்கிழமை உப்புமா. ஆனா திங்கக்கிழமை முதல் வேலை ரவையை வறுக்கிறது இல்ல, வராந்தாவுல குவார்ட்டர் பாட்டில் பொறுக்குறது. சனி ஞாயிறு ராத்திரி உள்ள உட்கார்ந்து குடிச்சிட்டு உடைச்சுப் போட்டுட்டுப் போயிடறானுங்க. கண்ணாடிச் சில்லுல கால் வெச்சு ஒண்ணாவது படிக்கிற பொண்ணுக்கு அஞ்சு தையல் போட்டாங்க. ஹெச்.எம். சார் கம்ப்ளெய்ண்ட் கொடுத்தார். ஒண்ணும் நடக்கல.

குடிக்கிறவன் யாருன்னு ஊருக்கே தெரியும். எங்க குழு அக்காங்க எட்டுப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அந்த வராந்தாவுல போய் உட்கார்ந்தோம். மாசாந்திரக் கணக்கு அன்னிக்கு அங்கதான் பார்த்தோம், டார்ச் வெச்சுக்கிட்டு. வந்தானுங்க, எங்களைப் பார்த்தானுங்க. அதுல ஒருத்தன் எங்க குழு அக்காவோட கொழுந்தன். போயிட்டானுங்க. நாலு வாரம் அதே மாதிரி செஞ்சோம். இப்போ அந்தத் தொல்லை இல்ல. இப்போ கோயிலுக்குப் பின்னால உட்கார்றானுங்கன்னு கேள்வி, அதை கோயில்காரங்க பார்த்துக்கட்டும்.

#6 இஎம்ஐ_அப்பா | 9 டிசம்பர், இரவு 9:30

பொறாமையாக இருக்கிறது. என் மகள் சென்னைப் புறநகரில் தனியார் பள்ளி, வருடத்துக்கு லட்சத்துக்கு மேல் கட்டணம். கேள்வி கேட்க ஒரு மன்றமும் கிடையாது. பெற்றோர் கூட்டம் என்றால் மதிப்பெண் அட்டையோடு பத்து நிமிடம், அடுத்த டோக்கன். வேன் டிரைவர் யார் என்று கேட்டதற்கு "ஆப்பில் பாருங்கள் சார்" என்றார்கள். ஆப்பில் வண்டி எங்கே வருகிறது என்று தெரிகிறது. ஓட்டுகிறவர் யார் என்று இல்லை.

2012 ஜூலையில் சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்துத் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சின்னப் பெண் விழுந்து இறந்தாளே, அந்த வருடம்தான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. ஆண்டுதோறும் ஆய்வு, உதவியாளர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் அதில் இருக்கிறது. எத்தனை பெற்றோர் அந்தப் பேருந்துக்குள் ஒருமுறையாவது ஏறிப் பார்த்திருப்போம்? நான் ஏறியதில்லை. படிக்கட்டோடு சரி.

பள்ளியின் பெயர்

*[மட்டுறுத்துநர்: இதற்கு மேல் இருந்த பள்ளிப் பெயரும் இரண்டு வரிகளும் நீக்கப்பட்டன. பள்ளிகளையும் ஆட்களையும் பெயர் சொல்லிக் குற்றம்சாட்ட வேண்டாம். இழை நன்றாகப் போகிறது, அப்படியே போகட்டும்.]*

#7 தீர்மானநோட்டு | 10 டிசம்பர், காலை 7:10

இஎம்ஐ அப்பா, உங்கள் வருத்தத்துக்குச் சட்டமே காரணம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளை 21-ஆம் பிரிவு விட்டுவிட்டது. உதவி பெறும் பள்ளிகளில் குழு உண்டு, ஆனால் 2012 திருத்தத்துக்குப் பிறகு ஆலோசனை சொல்ல மட்டும்தான். கட்டணம் கட்டாத பெற்றோருக்குத்தான் நம் நாட்டில் அதிகம் கேட்கிற உரிமை. அவர்களுக்கு அது தெரியாது என்பதுதான் கொடுமை.

#8 சாக்பீஸ் | 10 டிசம்பர், மாலை 5:45

கோபத்தோடுதான் எழுதுகிறேன். பதினாறு வருடமாக அரசுப் பள்ளி ஆசிரியை.

இங்கே எல்லோரும் "கேளுங்கள், கேளுங்கள்" என்கிறீர்கள். எங்களிடம் வருகிற பெற்றோர் கேட்பது என்ன தெரியுமா? ஒருவர் "என் பையனை ஏன் அடிச்ச" என்று வருவார். அடுத்தவர் "கண்ணு ரெண்டை விட்டுட்டுத் தோலை உரிங்க டீச்சர்" என்பார். உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர் குழு உறுப்பினர் என்று சொல்லிக்கொண்டு வகுப்பு நடக்கும்போது உள்ளே வந்து கரும்பலகையைப் பார்த்து நிற்பார். போன மாதம் மல்லிப்பட்டினத்தில் பள்ளிக்குள்ளேயே ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றான் ஒருவன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில், "கேட்டைப் பூட்டிக்கிட்டுப் பாடம் நடத்து" என்கிறார்கள். கேட்டைத் திறந்து வையுங்கள் என்கிறீர்கள் நீங்கள். யாருக்குத் திறப்பது, யாருக்குப் பூட்டுவது? காவலாளியே இல்லாத பள்ளியில் அதை முடிவு செய்வதும் நான்தானா?

கூட்டத்துக்கு வரச் சொன்னால் வருவதில்லை, அதையும் எழுதுங்கள். நான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருக்கிறேன்.

#9 பழைய_ஹெச்எம் | 10 டிசம்பர், இரவு 8:00

சாக்பீஸ் டீச்சர் சொல்வதில் பாதி முழுக்க நியாயம். மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி: கூட்டம் எத்தனை மணிக்கு வைக்கிறீர்கள்? மூன்று மணிக்கு வைத்தால் கூலிக்குப் போகிறவர் வர மாட்டார். நூறு நாள் வேலைக்கு இந்த 2024-25-இல் ஒருநாள் கூலி 319 ரூபாய். கையெழுத்துப் போட அதை விட்டுவிட்டு யார் வருவார்கள்?

கேட் விஷயத்துக்கு நாங்கள் செய்தது எளிது. வாசலில் ஒரு நோட்டு. யார் வந்தாலும் பெயர், யாரைப் பார்க்க, எத்தனை மணிக்கு. கவுன்சிலராக இருந்தாலும் எழுத வேண்டும். ஒருவர் எழுத மாட்டேன் என்று கோபித்துக்கொண்டு போனார். போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

#10 தாமிரபரணி_82 | 11 டிசம்பர், இரவு 11:50

யாரும் எடுக்காத விஷயத்தை எடுக்கிறேன். நீக்கினாலும் பரவாயில்லை.

சுவரும் பேருந்தும் மட்டும் பாதுகாப்பு இல்லை. 2023 ஆகஸ்ட், நாங்குநேரி. பள்ளியில் கூடப் படிக்கிற பையன்கள் வீடு புகுந்து ஒரு தலித் மாணவனையும் தடுக்கப் போன தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அந்த அரிவாள் பள்ளியில் செய்ததில்லை, வீட்டிலிருந்து வந்தது. அந்தப் பேச்சும் வீட்டிலிருந்து வந்ததுதான். அதன் பிறகு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வைத்து ஒருநபர் குழு போட்டது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டுகிற வண்ணக் கயிற்றைக் கையில் கட்டக் கூடாது என்று அவர் சொன்னதும் எத்தனை பேருக்குக் கோபம் வந்தது என்று பார்த்தோம்.

நானும் ஒரு பள்ளியில் முன்னாள் மாணவர் என்ற முறையில் குழுவில் இருக்கிறேன். முதல் கூட்டத்தில் நாற்காலி பன்னிரண்டு, ஆட்கள் இருபது. எந்தத் தெரு அம்மாக்கள் பாயில் உட்கார்ந்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. யாரும் அவர்களைக் கீழே உட்காரச் சொல்லவில்லை, அவர்களாகவே உட்கார்ந்தார்கள். அடுத்த கூட்டத்தில் நாற்காலியை எல்லாம் எடுத்து அடுக்கிவிட்டு எல்லோருக்கும் பாய் போட்டோம். இரண்டு பேர் கால்வலி என்று நின்றுகொண்டே இருந்தார்கள், கூட்டம் முடியும் வரை. மூன்றாவது கூட்டத்துக்கு ஒருவர் வந்தார், கால்வலி போய்விட்டிருந்தது. இன்னொருவர் ராஜினாமா.

கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசச் சொன்னால் எல்லோரும் பேசுகிறோம். இதைப் பேச ஒரு கூட்டமாவது வைக்கிறோமா?

#11 டவுன்பஸ் | 12 டிசம்பர், காலை 8:10

தாமிரபரணி அண்ணாச்சி, கை கொடுங்க. நம்ம ஊர்க் கதையை நான் சுவரோட நிறுத்திக்கிட்டேன். எழுதத் தைரியம் வரல, அதான் உண்மை.

#12 காலை_உப்புமா | 12 டிசம்பர், மதியம் 12:40

இன்னொண்ணு. தையல் அக்கா, உங்க மாவட்டத்துலதானே ஆகஸ்டுல போலி என்.சி.சி. முகாம்னு சொல்லி ஒரு தனியார் பள்ளியில அந்தப் பாவம் நடந்துச்சு? வெளி ஆளை அடையாள அட்டைகூடப் பார்க்காம உள்ள விட்டிருக்காங்க, பொண்ணு சொன்னப்புறமும் மூடி மறைக்கப் பார்த்திருக்காங்க. பிள்ளைங்களைப் பாலியல் குற்றத்துலேருந்து காக்குற போக்சோ சட்டத்துல, தெரிஞ்சும் சொல்லாம இருந்தாலே குற்றம்னு எங்க பயிற்சியில சொன்னாங்க.

எங்க பள்ளியில, பிள்ளைங்க உதவிக்குக் கூப்பிடுற 1098-ம் 14417-ம் சுவத்துல பெருசா எழுதியிருக்கு, ஹெச்.எம். ரூம் வாசல்ல. அங்க நின்னு எந்தப் பிள்ளை படிச்சு மனப்பாடம் பண்ணும்? கழிப்பறைக் கதவுக்கு உள்பக்கம் எழுதச் சொன்னேன். இப்போ எல்லாப் பிள்ளைக்கும் அந்த நம்பர் தெரியும்.

#13 தையல்மெஷின் | 21 டிசம்பர், இரவு 9:55

எல்லோருக்கும் நன்றி. சாக்பீஸ் டீச்சர், உங்கள் கோபத்தை இரண்டு தடவை படித்தேன். ஏன் என்று கீழே தெரியும்.

நேற்று வெள்ளிக்கிழமை கூட்டம். நோட்டு வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாளே நான் பள்ளிக்குப் போய், "டீச்சர், நாலரைக்கு வெச்சுக்கலாமா, ஆளுங்களை நான் கூட்டிட்டு வரேன்" என்றேன். சரி என்றார். 24-இல் 17 பேர் வந்தோம். ஆளுக்கு ஒரு டீ, என் செலவு.

முதலில் பழைய நோட்டை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். அக்டோபர் தீர்மானம்: "கழிப்பறைகள் நல்ல நிலையில் உள்ளதைக் குழு பார்வையிட்டு உறுதி செய்தது." கீழே முதல் கையெழுத்து என்னுடையது. எல்லோரும் சிரித்தார்கள். ஏழாவது படிக்கிற ஒரு பெண்ணின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "மூணு கதவுல ரெண்டுக்குத் தாழ்ப்பாள் இல்ல, எம்பொண்ணு காலையில இருந்து தண்ணியே குடிக்காம இருக்குது" என்றாள். அதற்கப்புறம் அறையில் சத்தமே இல்லை.

அப்படியே எழுந்து எல்லோரும் பள்ளியைச் சுற்றி வந்தோம். விரிசலை எல்லோர் முன்னாலும் திரும்ப அளந்தேன். மேலே மூன்றரை இஞ்ச். சுமார் இரண்டு வாரத்தில் கால் இஞ்ச் கூடியிருக்கிறது. மோட்டார் சுவிட்ச் பெட்டிக்கு மூடி இல்லை, எட்டாவது பையன்கள் குச்சியால் போடுகிறார்களாம். பின்பக்கக் கேட் பக்கம் தரைமட்டத்தில் ஒரு பழைய கிணறு, மேலே துருப்பிடித்த தகரம்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஹெச்.எம். டீச்சர் பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து என் முன்னால் வைத்தார். 2023 பிப்ரவரியில் ஒரு கடிதம், 2024 ஜூனில் ஒரு கடிதம். இரண்டும் ஒன்றியத்துக்கு. கட்டடம் ஆபத்தாக இருக்கிறது, இடித்துத் தாருங்கள் என்று. பதிலே இல்லை. "முன்னாடியே ஏன் டீச்சர் காட்டல?" என்றேன். "யாரும் கேட்டதில்லையேம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் அவரைப் பற்றி இங்கே முதல் பதிவில் எழுதிய தொனிக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

தீர்மானம் எழுதினோம். அளவு, தேதி, பழைய கடிதங்களின் நகல், 17 கையெழுத்து. இரண்டு அப்பாக்கள் இன்று காலையிலேயே வேலிக்காத்தான் முள் வெட்டி வந்து சுவரைச் சுற்றி எட்டடி தூரத்துக்குப் போட்டுவிட்டார்கள். பெண்பிள்ளைகளுக்குச் சமையலறைப் பக்கமாக வேறு வழி. தாழ்ப்பாள் நான்கு வாங்கினோம், ஒன்று 45 ரூபாய், தச்சுக்கூலி ஒரு அப்பாவுடையது. கிணற்றுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. திங்கட்கிழமை நானும் இன்னொரு அம்மாவும் பஸ் ஏறி கிருஷ்ணகிரி போகிறோம், கலெக்டர் ஆபீஸ்.

#14 சாக்பீஸ் | 21 டிசம்பர், இரவு 10:30

அந்த டீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். என் பீரோவிலும் அப்படி ஒரு ஃபைல் இருக்கிறது.

ஜனவரிக் கூட்டத்தை நானும் நாலரைக்கு மாற்றிப் பார்க்கிறேன்.

#15 தீர்மானநோட்டு | 22 டிசம்பர், காலை 6:30

சகோதரி, மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். ஜனவரி 26 கிராம சபை வருகிறது, அதிலும் இந்தத் தீர்மானத்தை வையுங்கள். ஒரு மாதத்தில் அசைவு இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, இரண்டு கடிதங்கள் மீதும் எடுத்த நடவடிக்கை என்ன என்று ஒரே கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். நீளமாகக் கேட்காதீர்கள், ஒரே கேள்வி.

இன்னொன்று, வழி கொஞ்சம் விலகுகிறேன். உங்கள் பள்ளியில் எட்டாவதில் எத்தனை பேர்? தேசிய வருவாய் வழித் திறன் படிப்புதவித் தேர்வுக்கு யாராவது எழுதுகிறார்களா? தேர்ச்சி பெற்றால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் போதும், உங்கள் ஊரில் எல்லோரும் அதற்குள்தான் வருவார்கள். மனத்திறன் கேள்வி 90, பாடக் கேள்வி 90. இடிகிற சுவருக்காகக் கூடிய அதே 17 பேரை இதற்கும் கூட்டலாமே.

#16 தையல்மெஷின் | 12 ஜனவரி 2025, இரவு 10:10

எட்டாவதில் 14 பேர். ஒருவருக்கும் அந்தத் தேர்வைப் பற்றித் தெரியாது. ஹெச்.எம். டீச்சர் போன வருடம் இரண்டு பேரை விண்ணப்பிக்க வைத்தாராம், தேர்வு மையத்துக்குக் கூட்டிப் போக ஆள் இல்லாமல் ஒருவன் எழுதவே இல்லை.

இப்போது ஒன்பது பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழரை வரை என் வீட்டுத் திண்ணை. இல்லம் தேடிக் கல்வியில் முன்பு பாடம் எடுத்த பெண் ஒருத்தி ஊரிலேயே இருக்கிறாள், கணக்கு அவள் பொறுப்பு. மனத்திறன் கேள்விகளை நானும் கூடவே போட்டுப் பார்க்கிறேன். படத்தைத் திருப்பிப் போட்டால் எப்படி வரும் என்று கேட்கிறார்களே, அதில் எனக்கு ஒரு தப்புகூட வரவில்லை. இருபது வருடமாகத் துணியைத் திருப்பிப் போட்டு வெட்டுகிற கை. ஒரு பையன், "அத்தை, நீங்களே எழுதுங்க" என்றான்.

பிப்ரவரியில் தேர்வு. மையத்துக்கு ஆட்டோ பேசியாயிற்று. பாதி வாடகை குழு உறுப்பினர் ஒருவர், மீதி நாங்கள் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

சுவர் அப்படியே நிற்கிறது. சீட்டு வாங்கியிருக்கிறேன்.

#17 டவுன்பஸ் | 13 ஜனவரி, காலை 7:45

கலெக்டர் மனு என்னாச்சுக்கா? நான்தான் அனுப்பினேன், அதான் கேக்குறேன்.

#18 தையல்மெஷின் | 27 ஜனவரி, இரவு 9:20

தம்பி, மனு ஒன்றியத்துக்கே திரும்பி வந்தது. "உரிய நடவடிக்கைக்கு." ஆனால் இந்தத் தடவை அதில் ஒரு எண் இருந்தது, பி.டி.ஓ. ஆபீசில் அந்த எண்ணைச் சொன்னால் ஃபைலை எடுக்கிறார்கள். டீச்சரின் இரண்டு கடிதத்துக்கும் எண்ணே இல்லையாம்.

நடுவில் ஒரு குழப்பம். எங்கள் மாவட்டத்தில் உள்ளாட்சிப் பதவிக்காலம் ஜனவரி 5-ஓடு முடிந்துவிட்டது. தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை, தனி அலுவலர்தான். இனி யார் தலையில் கட்டுவார்களோ என்று பயந்தேன்.

நேற்று கிராம சபை. கூட்டத்துக்கு வழக்கமாக வருகிற கூட்டத்தைவிட அம்மாக்கள் அதிகம், எல்லாம் நம் ஆட்கள். ரோடு, தெருவிளக்கு எல்லாம் முடிந்து கடைசியில்தான் எங்கள் முறை வந்தது. எழுந்து நின்று அளவுகளை மட்டும் படித்தேன். டிசம்பர் ஆரம்பத்தில் மூன்றே கால். டிசம்பர் 20, மூன்றரை. ஜனவரி 25, மூன்றே முக்கால். வேறு ஒன்றும் பேசவில்லை, பேச வரவும் இல்லை. அதிகாரி தலையைத் தூக்கி, "யாரும்மா அளந்தது?" என்றார். டேப்பைக் காட்டினேன். சிலர் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. தீர்மானத்தில் மூன்று அளவையும் எழுதச் சொன்னார்.

இன்று மத்தியானம் ஹெச்.எம். டீச்சர் போன் பண்ணினார். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஓவர்சியர் வருகிறாராம், மதிப்பீடு போட. கிணற்றையும் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

#19 பழைய_ஹெச்எம் | 28 ஜனவரி, காலை 5:50

ஓவர்சியர் வரும்போது டீச்சர் மட்டும் நிற்க வேண்டாம் அம்மா. நான்கு பேராவது கூட நில்லுங்கள். டேப்பு மறக்க வேண்டாம்.

#20 தையல்மெஷின் | 28 ஜனவரி, காலை 6:15

ஒன்பது பேர் வருகிறோம் ஐயா. அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வழக்கமான டேப்பு கிழிந்துவிட்டது, நேற்றே ஊத்தங்கரையில் புதுசு வாங்கி வந்துவிட்டேன்.